ஆத்தா இடுப்பில் வாடகை வீட்டுச் சாவி

தாளம் கேட்டால் என் கால் என் பேச்சைக் கேட்காது. கல்யாண ஊர்வலமோ கட்சி ஊர்வலமோ, ஓரமாக நின்று பாதத்தால் தட்டிக்கொண்டிருப்பேன். நான் இயற்பியல் ஆசிரியை என்பதால் இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். "பம்பை அடிச்சா சாமி வர்றதெல்லாம் வெறும் ஒத்ததிர்வுங்க. வெளிய அதிர்ந்தா உள்ள அதிரும், அவ்வளவுதான்" என்று, கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி கணவருக்கு வகுப்பெடுத்தேன். (தூங்கிவிட்டார். என் மாணவர்களும் அப்படித்தான்.)

மறுநாள் ஊரில் மாரியம்மன் திருவிழா. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடமோ காரிமங்கலத்தில், இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் அங்கேயே ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டோம், அத்தைக்குத் தெரியாமல். மாமா போனபின் அத்தைக்கு இருப்பது ஒரே மகன். நிலத்தையும் மாட்டையும் விட்டு அவர் எங்களோடு வரவும் மாட்டார். எப்படிச் சொல்வதென்ற பயத்தில், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். வீட்டில் வைத்தால் அத்தை கண்ணில் பட்டுவிடுமே என்று சாவியை என் இடுப்பில் சொருகியிருந்தேன்.

மாவிளக்குத் தட்டோடு கோயில் முன்னால் நின்றேன். பம்பை தொடங்கியது. கால் தட்டியது. சாவி இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. வேகம் கூடியது. தட்டு ஆடியது, விளக்கு ஆடியது. நிறுத்த நினைக்க நினைக்க முழங்கால்வரை ஆட்டம் ஏறிவிட்டது.

"டீச்சரம்மாவுக்கு ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

"இல்லைங்க, சும்மா தாளம்..." என்று நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. தட்டைப் பிடுங்கினார்கள், கொண்டையை அவிழ்த்தார்கள், தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். பம்பைக்காரர் என் காதோரம் வந்து நின்று வெளுத்து வாங்கினார். பொய் என்று தெரிந்தால் அத்தை மானம் ஊர் நடுவில் போகும். ஆகவே ஆடினேன். பாதி பயத்தில், பாதி (இப்போது ஒப்புக்கொள்கிறேன்) ஆசையில்.

மறுபடி இடுப்பைத் தடவினேன். சாவி இல்லை.

குனிந்து பார்த்தால் என் காலடியில் அத்தை விழுந்து கிடந்தார். எழுந்தபோது அவர் கையில் சாவி.

பம்பை நின்றது. வாக்குக் கேட்க ஊரே வாயை மூடிக்கொண்டது.

"ஆத்தா, இது எந்த வூட்டுச் சாவி?"

நான் முழித்தேன். தூரத்தில் என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அத்தை குரல் உடைந்தது. "என் புள்ளயும் மருமவளும் என்னை வுட்டுப் போயிருவாங்களா ஆத்தா?"

சாமி பேசத் தயங்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ, பம்பைக்காரர் மெதுவாக ஒரு அடி போட்டார். டும்... டும்... அது நேராக எனக்குள் வந்து அதிர்ந்தது. ஒத்ததிர்வுப் பாடத்தில் அழுகையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"போவ மாட்டாங்கடி! இங்கதான் இருப்பாங்க!" என்று கத்திவிட்டேன். (மாமியாரை 'டி' போட்டதும் நான்தான். இன்றுவரை உயிரோடு இருக்கிறேன்.)

சாவி வீட்டுச் சொந்தக்காரரிடம் திரும்பிப் போயிற்று. பதினோரு வருஷமாக நான் இரண்டு பஸ் மாறிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸைத் திட்டினால், "சாமி வாக்குங்க, மீற முடியுமா?" என்பார் கணவர். டிவியில் மேளச் சத்தம் கேட்டால் போதும், "ஆத்தா, சாவி பத்திரமா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம்தான் மனசு கேட்காமல், தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு எனக்குச் சாமி வரலைங்க அத்தை."

அவர் நிமிரவே இல்லை. "தெரியும் கண்ணு. சாமி வந்தவ இடுப்பத் தடவிக்கிட்டா ஆடுவா?"

"அப்புறம் ஏன் கால்ல வுழுந்தீங்க?"

"உன்கிட்ட வேற எப்படிக் கேக்குறது?"

இந்த வருஷத் திருவிழாவில் பம்பை தொடங்கியதும் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். தன் காலை என் கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். என் கால் அசையவில்லை. மேலே இருந்த கால்தான் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.