காவலரணின் விளக்கு அணைந்த நேரங்கள்

எந்தப் பொருளையும் முற்றாக ஆராய்ந்த பின்னரே வாங்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் நான் வாங்காமலே விட்ட பொருள்கள் மிகப் பல. வாங்கியவை மிகச் சில. இதனைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த எனக்கு, அதே கொள்கை ஒருநாள் காலையில் துப்பாக்கி ஏந்திய நால்வருக்கு நடுவே ஒரு மரப்பெட்டியின்மேல் ஆசனம் அமைத்துக் கொடுத்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாத்தளை நகரிலிருந்து அலுவிகாரையைக் கடந்து, பிரதான வீதியை விட்டுக் கிழக்கே ஏறும் பாதையில், மிளகும் கொக்கோவும் பயிராகும் தோட்டமொன்றின் எல்லையில் எங்கள் வீடு இருந்தது. நான் கீழேயுள்ள தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியன். வீட்டில் என் மனைவி செல்வராணி, இரண்டு வயது மகள் கயல்விழி. மின்சாரம் பிரதான வீதியோடு நின்றுவிட்டிருந்தது. (“அடுத்த எலக்சனோட கட்டாயம் வந்துரும்” என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். அடுத்தது எது என்பதை மட்டும் சொல்லவில்லை.)

எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். குழந்தைக்கோ மூச்சிரைப்பு. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் அவளுடைய மூக்கின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து, அதில் ஒட்டிய கரியை என் கண்முன் நீட்டினார். “மொதல்ல இந்தப் பொகைய நிப்பாட்டுங்க மாஸ்டர். அதுக்கப்புறந்தான் மருந்து வேல செய்யும்” என்றார்.

அந்த வாரமே, சூரியத் தகடு விற்கும் முகவர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் மேலே வந்து சேர்ந்தார். ஒரு தகடு, ஒரு மின்கலம், நான்கு விளக்குகள். விலை என் ஆறு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல், தவணையில் செலுத்தலாம். மழை நாளிலும் ஐந்து மணி நேரம் விளக்கு எரியும் என்று அவர் உறுதி கூறினார்.

“எடுத்துருவோங்க” என்றாள் செல்வராணி.

“எடுக்கலாம். ஆனா கொஞ்சம் ஆராஞ்சு பாக்கணும்” என்றேன்.

அவள் முகவருக்குத் தேநீர் கொண்டுவர உள்ளே போனாள். போகும்போது அவள் விட்ட பெருமூச்சை முகவர்கூடக் கவனித்தார்.

ஆராய்ச்சி தொடங்கியது. மாதத்துக்கு எத்தனை போத்தல் மண்ணெண்ணெய், எத்தனை திரி, எத்தனை கண்ணாடிச் சிமினி உடைகிறது என்பனவற்றை ஒரு பயிற்சிக் கொப்பியில் பதிந்தேன். அதுவரையில் குற்றமில்லை. ஆனால் செலவு ஒரு பக்கம் என்றால் பயன் மறுபக்கம் அல்லவா? முகவர் சொன்ன ஐந்து மணி நேரம் மெய்தானா? எங்கள் சுற்றுவட்டாரத்தில் சூரியத் தகடு பொருத்திய கூரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பாதை பிரியும் முடக்கில் இருந்த பொலிஸ் காவலரணின் கூரை.

எங்கள் வீட்டுப் பின்புறத்து மேட்டில் நின்றால் அந்தக் காவலரணின் விளக்கு நேர் கீழே தெரியும்.

“எத்தன மணி வரைக்கும் எரியுதுன்னு அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்களேன். தெனமும் அந்த வழியாத்தானே போறீங்க?” என்றாள் செல்வராணி.

அவளுடைய எளிமையைக் கண்டு நான் இரக்கத்தோடு புன்னகைத்தேன். பயன்படுத்துகிறவன் வாய்ச்சொல் சான்றாகாது, நேரில் கண்டு குறித்ததே சான்று என்று விளக்கினேன். பிறகு மணியடிக்கும் கடிகாரம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து நாள் அந்த விளக்கைக் கண்காணித்தேன். திகதி, வானிலை, ஏற்றிய நேரம், அணைந்த நேரம், குறிப்பு என ஐந்து நிரல்கள். தகடு எந்தத் திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம் என்று எங்கோ படித்திருந்ததால், காவலரணின் கூரையைப் படமாக வரைந்து, அதற்கு அம்புக்குறியும் இட்டேன். (படம் நன்றாக வந்திருந்தது. அதுதான் வினை.)

அந்தக் கொப்பி மாணவரின் கொப்பிகளோடு என் பையிலேயே கிடந்தது. காவலரணில் இருந்தவர்களுக்கு என்னை நன்கு தெரியும். பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் அன்று காலை ஒரு புதிய சார்ஜன் நின்றார். அவர் பையைக் கவிழ்த்தார். முப்பத்தாறு மாணவரின் கொப்பிகளை விட்டுவிட்டு, அவருடைய கை நேராக என் கொப்பியை எடுத்தது. விரித்த பக்கத்தில் படம் இருந்தது.

அவர் படத்தைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ஒப்புமை குறித்து அவருக்கு எந்த ஐயமும் எழவில்லை என்பதை அவர் முகம் காட்டியது.

நான் மரப்பெட்டியில் அமர்த்தப்பட்டேன். நகரத்துக்குச் செய்தி போயிற்று. அந்த வழியாகப் போனவர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் பாராதவர்போல் நடையை எட்டிப் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படிப் பெட்டியில் உட்கார்ந்தவர்களில் சிலர் அன்று மாலையில் வீடு திரும்பினார்கள். சிலர் பல மாதம் கழித்துத் திரும்பினார்கள். சிலரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஜீப்பில் வந்திறங்கிய இன்ஸ்பெக்டர் பருத்த உடலும் தாழ்ந்த குரலும் உடையவர். எழுத்து தமிழாக இருந்ததால், எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த காசிம் நானாவை அழைத்து, வாசித்துச் சிங்களத்தில் சொல்லும்படி பணித்தார். காசிம் நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். இரண்டு வரி சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“மாஸ்டர், என்னத்த எழுதி வெச்சி ஈக்கிறீங்க?” என்றார் என்னிடம், தமிழில்.

“உள்ளத உள்ளபடி சொல்லுங்க நானா. மறைக்க ஒண்ணுமில்ல.”

“மறைக்க ஒண்ணுமில்லாமத்தான் கெடக்கு. அதான் பயமா ஈக்கி.”

அவர் வாசித்தார். “மழை. ஒன்று இருபதுக்கு விளக்கு அணைந்தது. அதன்பின் விடியும்வரை இருள். உள்ளிருந்து எவரும் வெளியே வரவில்லை.” இன்ஸ்பெக்டர் தலையசைத்து மேலே போகச் சொன்னார். “மழை. பன்னிரண்டு ஐம்பது. இருள். எவருமில்லை.” மேலும் தலையசைப்பு. பக்கத்தின் அடியில், இரண்டு கோடிட்டு நான் எழுதியிருந்த முடிவுக்கு வந்ததும் காசிம் நானா நிறுத்திவிட்டார்.

“இத நான் செல்ல மாட்டன் மாஸ்டர்.”

“அதுதான் நானா முக்கியமான எடம்.”

“அல்லாவே, இந்த மனுசன்!” என்று முனகிவிட்டு அவர் மொழிபெயர்த்தார்: “ஆகவே, சோதனைக்கு மழை நாள்களே மிக உகந்தவை.”

சார்ஜன் துப்பாக்கியின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

“எதற்காக எழுதினாய்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சூரியத் தகடு வாங்குவது இலாபமா நட்டமா என்று பார்ப்பதற்காக என்றேன். “பார்த்து என்ன முடிவுக்கு வந்தாய்?” என்று கேட்டார். இன்னும் முடிவுக்கு வரவில்லை, வறட்சிக் காலத்துக்கு மேலும் மூன்று வாரக் குறிப்புத் தேவைப்படுகிறது என்று மெய்யைச் சொன்னேன்.

“மாஸ்டர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாய மூடுங்க” என்றார் காசிம் நானா.

செய்தி எப்படியோ மேலே வீட்டை எட்டியிருக்கிறது. செல்வராணி இடுப்பில் குழந்தையோடு, முகவர் தந்துபோன விளம்பரத் தாளைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். செருப்புக்கூட இல்லை. அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்ல சிங்களம்; சந்தையில் பயின்றது. அவள் இன்ஸ்பெக்டரின் எதிரே தாளை விரித்துத் தகட்டின் படத்தைக் காட்டினாள்.

“ஐயா, இந்த மனுசன் ஒரு கொட வாங்க பதினோரு மாசம் யோசிச்சவரு. வாங்கிட்டு வந்த அன்னைக்கு மழக்காலம் முடிஞ்சிருச்சு. இவரால யாருக்கும் கெடுதி பண்ண ஏலாது ஐயா. கெடுதி பண்றதுன்னாலும் மொதல்ல தீர்மானிக்கணுமில்ல?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அந்நேரம் கயல்விழி இருமினாள். நிறுத்தாமல், முகம் சிவக்க, ஈளை இழுக்க இருமினாள். செல்வராணி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். இப்போது தமிழில் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

“நாப்பத்தஞ்சு நாளா முழிச்சிருந்து இந்த லைட்ட பாத்தீங்களே. ஒங்க புள்ள எத்தன மணிக்கு இருமுறான்னு சொல்லுங்க பாப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. அந்த மேட்டில் நின்ற இரவுகளில் எல்லாம் வீட்டினுள்ளிருந்து அந்த இருமல் எனக்குக் கேட்டுத்தான் இருந்தது. ஐந்து நிரல்களில் ஒன்றிலும் அதற்கு இடம் வைக்கவில்லை. சார்ஜனின் துப்பாக்கிக்கு முன் குனியாத என் தலை அப்போது குனிந்தது.

காசிம் நானா இதையும் மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். எவரும் அவரைப் பணிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சிறிது நேரம் குழந்தையைப் பார்த்தார். பிறகு கொப்பியை மீண்டும் காசிம் நானாவிடம் நீட்டி, மழையில்லாத நாள்களை வாசிக்கச் சொன்னார்.

“வானம் தெளிவு. ஆயினும் எட்டே காலுக்கே வெளிவிளக்கு அணைந்தது. காரணம் விளங்கவில்லை. உள்ளே நீல ஒளி ஒன்று அசைகிறது.” அடுத்த நாளும் அவ்வாறே. அதற்கடுத்த நாள், “நீல ஒளி. இடையிடையே ஆரவாரம். கைதட்டல்.”

எனக்கு விளங்காத அந்தக் காரணம் இன்ஸ்பெக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. அவை கிரிக்கெட் ஆட்டம் ஒளிபரப்பான நாள்கள். அவர் எழுந்து உள்ளே போனார். கட்டிலின் அடியிலிருந்து, சாக்கினால் மூடிய ஒரு சின்னஞ்சிறு தொலைக்காட்சிப் பெட்டி வெளியே வந்தது. அதன் கம்பிகள் நேராகச் சூரியத் தகட்டின் மின்கலத்துக்குப் போயின. காவலர் நால்வரும் தத்தம் காலிலிருந்த சப்பாத்துகளை உற்றுநோக்கினார்கள். புதிய சார்ஜன் மட்டும் நிம்மதியாக நின்றார். அவர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“நீ போகலாம். கொப்பி இங்கே இருக்கட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். ஆராய்ச்சி நிறைவுறவில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். செல்வராணி என் முழங்கையைப் பிடித்த பிடியில் அது உள்ளேயே நின்றுவிட்டது.

மறுநாள் அவளே முகவரைத் தேடிப் போய் முற்பணத்தைக் கட்டிவிட்டாள். பத்து நாளில் கூரைமேல் தகடு ஏறியது. கயல்விழியின் நெஞ்சு தெளியப் பல மாதம் எடுத்தது; தெளிந்தது. அந்தச் செலவு இலாபமா நட்டமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கணக்குப் பொலிஸாரிடம் இருக்கிறது.

காவலரணில் என் நிலைமை என்னவாயிற்று என்பதை ஊகிக்கலாம். அந்த நால்வரும் அதன்பின் ஒவ்வொரு காலையிலும் என் பையிலிருந்த முப்பத்தாறு கொப்பிகளையும் ஒற்றை ஒற்றையாகப் புரட்டினார்கள். சோற்றுப் பார்சலையும் அவிழ்த்தார்கள். “எழுதுகிற ஐயா வருகிறார்” என்று சிங்களத்தில் குரல் கொடுப்பார்கள். நான் பாடசாலைக்குத் தாமதமாகப் போகாத நாளில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, அவர்களில் பண்டார என்பவன் பையைத் திருப்பித் தரும்போது தணிந்த குரலில் ஒன்று கேட்டான். அவனுடைய வீடு வில்கமுவப் பக்கத்தில். அங்கும் மின்சாரம் இல்லை, தாய்க்குக் கண் மங்கல். தகடு எடுக்கலாமா என்றான். ஆராயாமல் நான் சொன்ன முதல் விடை அதுதான்: எடு.

இப்போது கயல்விழி வேலைக்குப் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவாள். வருடத்துக்கு வருடம் கதை வளர்கிறது. அண்மையில் அவளுடைய தோழியருக்குச் சொன்னபோது, என்னை அங்கே மூன்று நாள் அடைத்து வைத்திருந்ததாகச் சொன்னாள். வரலாறு இவ்வாறு சிதைவதைப் பொறுக்க மாட்டாமல் நான் பத்திரிகையைத் தாழ்த்தினேன்.

“மூணு நாளெல்லாம் இல்லம்மா. நாலு மணித்தியாலமும் பத்து நிமிசமும்” என்றேன்.

சமையலறையிலிருந்து செல்வராணியின் குரல் வந்தது.

“பாத்தீங்களா புள்ளைங்களா? துப்பாக்கிக்கு நடுவுல ஒக்காந்தும் இந்த மனுசன் மணியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு!”