மொட்டைத் தொட்டியில் மண் போட்ட கதை

கடல் இல்லாத மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. அதியமான்கோட்டையில், லாரிச் சத்தம் ஓயாத நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டியை வைத்துக்கொண்டு ஊருக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள், உயிரோடு வளர்கிற நாலைந்து பவளங்கள். (பவளம் வாங்கப்போகிறேன் என்றதும் அம்மா நகை என்றுதான் நினைத்தாள். உண்மை தெரிந்த பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.) இந்தத் தொட்டிக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. அடியில் மணல் பரப்பினால்தான் கடல் மாதிரி இருக்கும் என்பது ஒன்று. மணலில் அழுக்கு சேரும், வெறும் கண்ணாடித் தரைதான் சுத்தம் என்பது இன்னொன்று. நான் மொட்டைக் கட்சி. தொட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மணல்காரர் யாராவது படம் போட்டால் 'அழகான குப்பைத்தொட்டி' என்று பதில் எழுதுவேன். இத்தனைக்கும் கடலை நான் நேரில் பார்த்தது ஒரே முறை, பள்ளிச் சுற்றுலாவில். அன்றும் பஸ்ஸில் வாந்தி எடுத்த களைப்பில் கரையில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் என்னோடு வேலை பார்த்த பிரபுவைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்கும் சம்மதம். பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்த அவருடைய அம்மாவுக்கு மட்டும் இல்லை. மீனுக்கு உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் சோறாக்குமா என்பது அவர் சந்தேகம். (நியாயமான சந்தேகம்.) மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு, ஒருமுறை வந்து பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அம்மாவுக்குத் தொட்டிதான் கவலை. "மொட்டையாக் கெடக்குது பாரு. ஒரு புடி மண்ணுக்குக்கூட வக்கில்லாத வூடுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாள். அவளுக்கு நான் கழிவு, பாசி, நீரோட்டம் என்று நீளமாக ஒரு வகுப்பு எடுத்தேன். மறுநாள் பிரபு போனில், அடியில் வெள்ளையாக மணல் இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். என் கொள்கை அங்கேயே செத்தது. (இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாதிரி நைசான ஒரு மூட்டை மணல் ஏற்கெனவே என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. தள்ளுபடியில் கிடைத்தது, விட மனசு வரவில்லை.)

அவர்கள் வருகிற நாள் மாதாந்திர கரண்ட் கட். அலை உண்டாக்கும் மோட்டார்கள் நின்று, மீன்கள் மூச்சுவிடப் பேட்டரியில் காற்றுக்குழாய் மட்டும் ஓடியது. மணலைக் கழுவிப் போட்டேன். பால் வண்ணத்தில் அப்படியே படிந்துகொண்டது. அடியில் அழுக்கு தங்கக் கூடாது என்று இரண்டு மோட்டார்களையும் முழு வேகத்தில் வைத்து, தரையைப் பார்த்துத் திருப்பியிருந்தேனே, அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மொட்டைத் தரைக்கு நீரோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதியவள் நான்.

பிரபுவின் அம்மா தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் மீனையே பார்த்தார். "கடலையே கொண்டாந்து வூட்ல வெச்சிருக்குதுங்களே பொண்ணு" என்று என் அப்பாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் சமயம் என்று அப்பா முன்னால் நகர்ந்து, மேற்கொண்டு பேசலாமா என்று கேட்க வாயெடுத்தார். கரண்ட் வந்துவிட்டது.

கண் மூடித் திறப்பதற்குள் தொட்டி மோர்ப்பானை ஆகிவிட்டது. மீனையும் காணோம், பவளத்தையும் காணோம். சுவிட்சை அணைக்க வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் பாய்ந்துபோய் மோட்டாரின் ஒயரைப் பிடித்து இழுத்தேன். காந்தத்தில் ஒட்டியிருந்த மோட்டார் கழன்று, மேலே வந்து, வாயைத் திருப்பி, அத்தனை மணலையும் தண்ணீரோடு பிரபுவின் அம்மா மேல் அடித்தது. தலையில், முகத்தில், பட்டுப்புடவையில் எல்லாம் மண்.

எங்கள் பக்கம் ஆத்திரம் தாங்காத பெண்கள் மண்ணை வாரித் தூற்றித்தான் சாபம் விடுவார்கள். அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. பெண் பார்க்க வந்த மாமியாருக்கு நான் அதைச் செய்திருந்தேன். அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். பிரபு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கல்யாணம் முடிந்துபோனது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மூக்கு ஒழுக அழுதேன்.

அந்த அம்மா முந்தானையால் உதட்டைத் துடைத்தார். "உப்பு சரியாத்தான் இருக்குது" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "மருமவ மாமியா மேல மண்ண வாரித் தூத்தறதுக்கு எப்பிடியும் ரெண்டு மூணு வருசம் ஆவுமுங்க. இந்தப் பொண்ணு முன்னாடியே முடிச்சிருச்சு. இனி பயப்பட என்ன இருக்குது, தேதியப் பாருங்க."

அன்றே மணலை உறிஞ்சி எடுத்துக் கொல்லையில் கொட்டினேன். மீன்கள் பிழைத்தன. பவளங்கள் பல வாரம் வாயைத் திறக்கவில்லை. குழுவில் நானும் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தொட்டி என்னோடு பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தது, மொட்டையாகத்தான். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் இந்தக் கதைதான் பரிமாறப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மணலின் அளவு கூடிக்கொண்டே போகிறது. இப்போது ஒரு டிராக்டர் லோடை எட்டிவிட்டது.

போன பொங்கலுக்கு எனக்கும் மாமியாருக்கும் நிஜமாகவே சண்டை வந்தது. நான் அடுப்படியில் பாத்திரங்களை நங்கு நங்கென்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ்வளவு ஆத்திரமா இருந்தா போயி அந்தத் தொட்டியில இருந்து ஒரு கை அள்ளிட்டு வா."

"அதுல மண்ணே இல்லீங்க அத்தை."

"தெரியும். அதனாலதான் சொன்னேன்."