பதிமூன்றாம் பல்லவி

எங்கள் ஆலயத்தின் பாட்டுப் புத்தகத்தில் நூற்று எண்பத்திரண்டு பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு பாட்டின் கீழே மட்டும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கிறது. அந்தப் பாட்டை எழுதி ராகம் போட்டவள் நான். அந்தக் குறிப்பு வரக் காரணமானவளும் நான்தான். இரண்டையும் நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சிமெண்டில் சின்னக் கட்டிகள் வார்த்து, எந்திரத்தில் வைத்து, அது உடையும்வரை பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கமோ என்னவோ, எதைச் செய்தாலும் முதலில் பட்டியல் போட்டுவிடுவேன். (என் கல்யாணத்துக்கு நானே போட்ட பட்டியலில் ‘மாப்பிள்ளை’ பதினேழாவதாக இருந்ததென்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பதினான்காவது.)

கல்லூரி நாளிலிருந்து பதினோரு பாட்டுகளுக்கு ராகம் போட்டிருந்தேன். பதினொன்றும் என் நோட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. பன்னிரண்டாவதுதான் இது. பெரம்பலூர் பக்கம் இருக்கும் எங்கள் ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போனார்கள். கடைசியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் எனக்கு வேண்டும் என்று போய் நின்றேன்.

ஆயர் ஐயா உடனே சரி என்றுவிட்டார். பாடகர் குழுவை நடத்தும் ரோஸ்லின் டீச்சர் அப்படி விடுகிறவர் அல்ல. கீபோர்டு, சுருதிப்பெட்டி எதுவும் இல்லாமல் எந்தப் பாட்டையும் அதன் சுருதியில் சரியாக எடுத்துவிடும் தொண்டை அவருடையது.

“புதுப் பாட்டு கேக்க நல்லாத்தான் இருக்கும் கிரேஸு. அறுப்பின் பண்டிகையில காணிக்கைப் பாட்டா பாடிரு. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை பேப்பர் இல்லாம எத்தன பேரு பாடுறாங்கன்னு பாப்போம். பாடுனா பக்கம் ஒனக்கு. இல்லன்னா அதுல ஒரு செபத்தப் போட்டுருவோம்” என்றார்.

எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. கச்சேரிப் பாட்டு வேறு, சபைப் பாட்டு வேறு என்பதை நான் பல வருடம் கவனித்துக் குறித்து வைத்திருந்தேன். சபையில் எல்லாத் தொண்டையும் உண்டு. ஆகவே ராகம் எட்டுச் சுரத்துக்குள் அடங்க வேண்டும். நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க இடம் வேண்டும். மேலே ஏறும் இடத்தில் வாய் திறக்கும் எழுத்து வர வேண்டும். எல்லாவற்றையும் சரிபார்த்து மோகனத்தில் போட்டேன்.

எம் கையில் உள்ளது நீர் தந்தது – அதை
ஏந்தி வந்தோம் உம் வாசலுக்கு.

இதுதான் பல்லவி. இதில் இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பெரிய பெரிய ஒலிப்பதிவுகளில், பல்லவி திரும்ப வரும்போது சுருதியை அரைக்கட்டை ஏற்றுவார்கள். கேட்கிறவருக்குப் புல்லரிக்கும். எங்கள் ஆலயத்து கீபோர்டிலும் அதற்கு ஒரு பட்டன் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் அரைக்கட்டை ஏறும். என் பாட்டுக்கு மூன்று சரணம். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி வரும். ஆக மூன்று முறை ஏறும். சபை அதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். காணிக்கைக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று தொடர்ந்து நாலு ஞாயிறு கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஆறு நிமிடம். என் பாட்டும் ஆறு நிமிடம். (அறுப்பின் பண்டிகையன்று கிளைச் சபைகள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு விளைச்சலோடு வரிசையில் வரும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் நான் அளந்த நாலு ஞாயிறில் அப்படி யாரும் வரவில்லையே.)

கீபோர்டு வாசிப்பவர் அக்காவின் கணவர் சாலமோன் மாமா. மின்வாரியத்தில் லைன்மேன். மின்கம்பத்தில் ஏறுகிறவருக்கு எழுத்தில் வந்த உத்தரவுதான் உயிர். அதற்கு மேலும் செய்யக் கூடாது, குறைத்தும் செய்யக் கூடாது. அவருக்கு ஒரு பட்டியல் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கீபோர்டின் மேலேயே ஒட்டினேன்.

1. முதல் பல்லவி இரண்டு கட்டை.
2. பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் பட்டன் ஒரு தடவை.
3. மறக்கக் கூடாது.
4. என்னைப் பார்க்கக் கூடாது.

நான்காவது ஏனென்றால், ஒத்திகையில் நொடிக்கு ஒருமுறை என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாமா தப்பான கட்டையில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக் குடுத்துட்டீல்ல, விடு பாப்பா. எழுத்துல இருந்தா அதுல மாத்தமே கெடையாது” என்றார் மாமா. அந்த வாக்கியத்தைக் கேட்டு நிம்மதியடைந்த என்னை இப்போது நினைத்தாலும் பரிதாபமாக இருக்கிறது.

பண்டிகை நாள். ஆலயம் நிரம்பி வாசலிலும் ஆட்கள். நான் மைக்கின் முன்னால் பட்டுப்புடவையில். மாமா எனக்குப் பின்னால் சுவரோரம். முதல் பல்லவியிலேயே சனங்கள் பிடித்துக்கொண்டார்கள். முதல் சரணம் முடிந்து சுருதி ஏறியபோது முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். ரோஸ்லின் டீச்சரின் புருவம்கூடக் கொஞ்சம் உயர்ந்தது. மூன்றாம் சரணம் முடிந்து, நான்காம் பல்லவியும் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம். கண்ணைத் தூக்கி வாசலைப் பார்த்தேன். மக்காச்சோள மூட்டை, சின்ன வெங்காயக் கூடை, முந்திரிப் பை, பூசணிக்காய் என்று வரிசை பாதிகூட உள்ளே வரவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கடைசிக் காணிக்கை பீடத்துக்கு வந்து சேரும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. சரணம் தீர்ந்துவிட்டால் பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். சபை ஐந்தாவது முறையாகப் பல்லவியை எடுத்தது. மாமா பட்டனை அழுத்தினார்.

சரணம் பாடும்போது சுருதி ஏறாது, ஆகவே மூன்று சரணத்தையும் மறுபடி முதலிலிருந்து பாடிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சபை ஆறாம் பல்லவியில் இருந்தது. ஏழில் ஆண்கள் பக்கம் அமைதியாகிவிட்டது. திரும்பி மாமாவைப் பார்த்தேன். உத்தரவுப்படி அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் கீழே காட்டி, இறக்குங்கள் என்று சைகை செய்தேன். அதைப் பார்த்த முதல் நாலு வரிசை பணிவாக உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் ஞானமுத்து அண்ணன் உள்ளே வந்தார். பூலாம்பாடி பக்கம் விவசாயம் பார்ப்பவர். கையில் கயிறு, கயிற்றின் முனையில் வளர்ந்த ஒரு வெள்ளாட்டுக் குட்டி. குட்டி நடுவழியில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. சுருதி ஏறியதால் அது மிரண்டது. அது மிரண்டு நின்றதால் பாட்டு நீண்டது. பாட்டு நீண்டதால் சுருதி ஏறியது. இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு போகும் சுழற்சியைப் பற்றி நான் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். பட்டுப்புடவையில் அதற்குள் நின்றது அன்றுதான்.

எட்டில் பெண்கள் பக்கம் பாதி உதிர்ந்தது. ஒன்பதில் என் குரல் உடைந்தது, மைக்கில், எல்லோருக்கும் கேட்க. கட்டி உடையும்வரை பாரம் ஏற்றுவது என் தொழில் என்று சொன்னேன் அல்லவா? எட்டுச் சுரத்துக்குள் பத்திரமாகக் கட்டிய பாட்டை நானே ஒரு பட்டனை வைத்து உடைத்துக்கொண்டிருந்தேன். காலிப் பக்கம் என் கண்முன்னால் செபமாக மாறியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இப்போது ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர். ரோஸ்லின் டீச்சர். கழுத்து நரம்பு புடைக்க, என்னையே முறைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல்.

பதிமூன்றாம் பல்லவி. மாமா அழுத்தினார். கீபோர்டு கோயில்மணி மாதிரி எங்கோ உச்சியில் ஒலித்தது. டீச்சரும் நிறுத்திவிட்டார். வேறு வழியின்றி நான் வாயைத் திறந்தேன். வந்தது, சபைக்காக நான் முதலில் வைத்த அதே சுரம். பன்னிரண்டு அரைக்கட்டை ஏறினால் அதே சுரம் ஒரு தட்டு மேலே வந்து நிற்கும் என்பது கீபோர்டு பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த எட்டு நிமிடம் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்துக்கு உடனே தெரிந்தது. மேலே மணி ஒலிக்க, கீழே தங்கள் பழைய சுருதியில் மொத்த ஆலயமும் ஒரே குரலாகச் சேர்ந்தது. அந்தச் சத்தத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஞானமுத்து அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு, குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுக் காலண்டர்களில் இருக்கும் நல்ல மேய்ப்பனைப்போல் பீடத்தை நோக்கி நடந்தார்.

பதினான்காவது தொடங்கும்போது மாமா பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, பக்கத்திலிருந்த மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

“பாப்பா, இதுக்கு மேல போவல.”

ஆலயம் முழுவதும் சிரித்தது. ஆயர் ஐயாவும் சிரித்தபடிதான் காணிக்கை செபத்தை ஆரம்பித்தார். நான் பாடகர் குழு அறைக்குள் போய், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். மாமா வந்து, எழுதியதில் ஏதாவது விட்டுப்போய்விட்டதா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ‘எப்போது நிறுத்துவது’ என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அது அவர் குற்றமில்லை.

அடுத்த ஞாயிறு நான் போகாமல் இருக்கப் பார்த்தேன். அக்கா இழுத்துக்கொண்டு போனாள். பேப்பர் யாருக்கும் கொடுக்கவில்லை. மாமா இரண்டு கட்டையில் பிடித்தார். நான் வாய் திறக்குமுன் சபை பாடியது. வாசலில் செருப்பு கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பாடினார்கள். பல்லவி முழுவதும், ஒரு சொல் தவறாமல். என் பன்னிரண்டாவது பாட்டு நோட்டைவிட்டு வெளியே வந்து, எனக்குத் தேவையே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து ரோஸ்லின் டீச்சர் என்னிடம் வந்தார். தொண்டை இன்னும் கட்டியிருந்தது.

“பதினாலு தடவ பாட வச்சா கரண்டு பில்லுகூடத்தான் மனப்பாடமாவும்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “ராகம் நல்லாருக்கு. பக்கம் ஒனக்குத்தான். ஆனா அடியில நான் ஒரு வரி எழுதுவேன்” என்றார்.

எழுதினார். புத்தகத்தில் நூற்று எண்பத்திரண்டாவது பாட்டின் கீழே இப்போதும் இருக்கிறது: ‘குறிப்பு: தொடங்கிய சுருதியிலேயே முடிக்கவும்.’ மற்ற நூற்று எண்பத்தோரு பாட்டுகளுக்கும் இப்படித் தொழில்நுட்பக் குறிப்பு எதுவும் கிடையாது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

பண்டிகை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது அந்த வெள்ளாட்டுக் குட்டியை எடுத்தவர் சாலமோன் மாமா. அதற்குப் பல்லவி என்று பெயர் வைத்தார். அது போட்ட குட்டிகள் முதல் சரணம், இரண்டாம் சரணம். அக்கா வீட்டில் சாயங்கால செபத்துக்கு அந்தப் பாட்டை எடுத்தால், வெளியே மேய்ந்துகொண்டிருக்கும் பல்லவி அப்படியே நின்றுவிடும். மாமா கண்ணைத் திறக்காமலே கேட்பார்: “சுருதி ஏத்திட்டியா பாப்பா?”

ஏற்றவில்லை. அது ராகத்தைக் கேட்டு நிற்கிறது.