பால்கெர்ரியின் ஸ்தாபகர்

அச்சகத்துக்கு அனுப்ப இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது. மூன்றாம் பக்கம் காலி.

கிர்க்டன் ரோவர்ஸ் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் டூகல் பெட்டிக்ரூ அந்த வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்று, சொந்த மைதானத்தில். ஆட வரும் அணி எப்படித் தோன்றியது என்று ஆட்டத்துக்காக அச்சிடும் மலரில் ஒரு பக்கம் எழுதுவது உள்ளூர்க்காரர்கள் காட்ட வேண்டிய மரியாதை. விவரம் கேட்டு பால்கெர்ரி விக்டோரியா அணிக்கு மூன்று முறை எழுதியாயிற்று. பதில் இல்லை.

போன பருவத்தில் ஓர் எதிரணித் தலைவருக்கு டூகல் அஞ்சலிக் குறிப்பு எழுதியிருந்தார். அந்தத் தலைவரே நேரில் வந்து, இரண்டு கோப்பை தேநீர் குடித்துக்கொண்டே அதைப் படித்துவிட்டுப் போனார். அன்று சங்கத் தலைவி ரோனா ராங்கின் சொன்னது டூகலுக்கு இன்னும் மறக்கவில்லை.

“இன்னொரு தப்பு வந்துச்சுன்னா சாவியைக் கொடுத்துட்டு வீட்டைப் பார்த்துப் போயிடுங்க.”

பார்வையாளர் மேடைக்கு அடியில் உள்ள சிறு அறையின் சாவி அது. பத்தொன்பது வருடமாக டூகலின் சட்டைப்பையில் இருப்பது. அது போய்விட்டால் சனிக்கிழமைகளில் தான் யார் என்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே எழுதினார். கையில் சாசேஜ் வைத்த ரொட்டி இருந்ததால், பால்கெர்ரி அணியின் ஸ்தாபகர் ரொட்டிக்கடைக்காரர் ஆனார். பெயர் ஆங்கஸ் மெக்வர்டி. ஏழைப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து, பந்தும் கொடுத்தவர். வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பொய் சொல்லாதவர்.

புதன்கிழமை மலர் வெளியானது. மதியமே பால்கெர்ரியின் தலைவர் லாக்லன் தொலைபேசியில் வந்தார். கமிட்டி முழுவதும் எழுந்து நின்று அந்தப் பக்கத்தைப் படித்ததாம். ஸ்தாபகரின் படம் கிடைக்குமா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனைவியின் கொள்ளுத்தாத்தா படத்தை அனுப்பிவைத்தார் டூகல். கப்பலில் சமையல் செய்தவர், நல்ல தாடி.

வியாழக்கிழமை மறுபடி மணி அடித்தது. லாக்லன்தான்.

“மெக்வர்டி ஐயாவை எங்கே அடக்கம் பண்ணியிருக்காங்க?”

தெரியாது என்றால் மற்றதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். “இங்கேதாங்க, எங்க ஊர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துல” என்றார் டூகல். தொலைபேசியை வைத்தவுடன் மழையில் ஓடி, பாசி பிடித்து ஓர் எழுத்தும் தெரியாத கல்லறைக் கல்லாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

பூ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தார். ஆனால் ரோனாவுக்கு விஷயம் எட்டியது. எதிரணியின் ஸ்தாபகர் நம் மண்ணில் உறங்குகிறார் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. பாதிரியாருக்குச் சொன்னாள், பத்திரிகைக்குச் சொன்னாள், நகரசபைக்கும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பால்கெர்ரியிலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் கல்லறைத் தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். பேக்பைப் குழல் ஊதுபவர் ஒருவர். மலர் வளையம் வண்டிச் சக்கரம் அளவு. முன்வரிசையில் கொள்ளுத்தாத்தாவின் படம், சட்டம் போட்டு. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கோல்கீப்பர் அழுதுகொண்டிருந்தான். பித்தளைப் பலகைக்கு அளவெடுக்க ஓர் ஆள் கல்லின் மேல் நாடாவை வைத்தான்.

பாதிரியார், பொய்யே பேசாத அந்த உதட்டைப் பற்றி உருக்கமாகப் பேச ஆரம்பித்தார்.

டூகலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சாவி போனாலும் போகட்டும். பக்கத்தில் குடை பிடித்து நின்றவள் பால்கெர்ரி அணியின் சட்டைகளைத் துவைக்கும் சென்கா. அவள் காதருகே குனிந்தார்.

“அம்மா, மன்னிச்சிடுங்க. இப்படி ஒரு ஆளே கிடையாது. நான்தான் கதை கட்டி விட்டேன். உங்க தலைவர்கிட்டச் சொல்லிடறேன்.”

சென்கா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சத்தமாப் பேசாதீங்க தம்பி, கமிட்டிக்கே தெரியும். எங்க கிளப்பை ஆரம்பிச்சவன் உங்க மைதானத்துக் கோல் கம்பத்தைப் பேத்துத் தூக்கிட்டு ஓடி வந்தவன். நூத்து நாப்பது வருஷம் கழிச்சு நல்ல மனுஷன் ஒருத்தரை நீங்களாவே எழுதிக் கொடுத்தா, விட்டுடுவோமா?”