கணவர் அளவில் ஆறு கோட்டுகள்

ஜூன் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை காலை, கடைத்தெரு முனையில் உள்ள தையல் கடையின் பின்னறைக் கம்பியில், தைத்து முடித்த ஆறு கோட்டுகள் தொங்கின.

தையல்காரம்மாவின் மகன் முதல் கோட்டை விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது.

"அம்மா, எனக்கே தைச்ச மாதிரி இருக்கு!"

"கழட்டுடா. கஸ்டமர் துணி."

இரண்டாவதைப் போட்டார். அதுவும் கச்சிதம். மூன்றாவதும் கச்சிதம். நான்காவதன் பொத்தானை அவர் போடும்போது, மூலையில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியின் கையில் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

ஊரில் கணவர் அளவுக்கு உயரமான ஆட்கள் நிறையப் பேர் கிடையாது. பத்துப் பேர் கொண்ட ஒரே குழுவில் ஆறு பேர் இருக்க வாய்ப்பே இல்லை.

"அத்தை, இந்த ஆறும் வேற வேற ஆளுக்குத்தானே?"

"மேடைக்குழுக்காரங்க ஆர்டர், பத்துல ஆறு முடிஞ்சிருக்கு. உன் கம்ப்யூட்டர் பெட்டி காட்டின அளவுதான். எல்லாம் ஒரே அளவா இருக்கேன்னு எனக்கும் தோணிச்சு. மேடைன்னா பாட்டு. பாட்டுக்காரங்க ஒண்ணா நின்னு ஒண்ணா சாப்பிடறவங்க, ஒரே சைஸா இருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமனார் தலையை நிமிர்த்தினார். "அந்த ஆர்டர் விஷயமா..."

"மாமா, ஒரு நிமிஷம்," என்றாள் மருமகள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, தையல் கடைகளுக்கென்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். முதல் கடை, வீட்டுக் கடை. மாமியார் ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார்: "ஒரு மாசம் உன் பெட்டி சொல்றபடி எதிர்க்கேள்வி கேக்காம தைக்கிறேன். ஒரே ஒரு துணி தப்பாச்சுன்னா, பெட்டி பரணுக்குப் போயிடும். நீ ஆபீசுக்குப் போயிடணும்." அளவெடுத்து ஏற்றுவது மாமனார் வேலை, பார்த்துத் தைப்பது மாமியார் வேலை என்று முடிவாயிற்று.

அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது கணினிக்குள் ஒரு பொம்மை ஆள். அது பிறக்கும்போதே கழுத்து, தோள், மார்பு, கை என்று சில எண்கள் வேண்டும். அவற்றை அந்தந்த ஆர்டருக்கான பைலிலிருந்து படித்துக்கொள்ளும். படிக்க முடியாவிட்டால் சிவப்புக் கட்டத்தில் ஒரு செய்தி காட்டும். அப்படித்தான் முதலில் எழுதியிருந்தாள்.

முதல் நாளே சிவப்புக் கட்டம் வந்தது. மாமியார் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "என் கடையில உக்காந்துக்கிட்டு என்னையே திட்டுது! நான் வேலை பாக்கும்போது ஒருத்தரும் என்னைத் திட்டக் கூடாது."

அதனால் மருமகள் ஒரு காரியம் செய்தாள். பைலைப் படிப்பதில் எந்தப் பிழை வந்தாலும் அதைப் பிடித்து, வாயைப் பொத்தி, ஒரு ஓரத்தில் உட்கார வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக, தயாராக இருக்கும் ஒரு ஆப்ஜெக்டை எடுத்து நீட்டும்படி எழுதினாள். அதற்குள் ஏதாவது எண்கள் வேண்டுமே? வீட்டில் கைக்கு எட்டிய உடம்பு கணவருடையதுதான்.

இப்போது அந்த உடம்பு ஆறாவது கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சிரித்தது.

"ஏங்க, உள்ள வாங்க. கோட்டோட வாங்க."

அளவெடுக்கும் சிறு அறையில், வாசல் திரையை இழுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கணவர் நில அளவையர். எதையும் பதறாமல் கேட்பவர்.

"அப்ப பைலைப் படிக்கவே இல்லையா?"

"படிக்க முடியலன்னு அதுக்குத் தெரியும். சொல்லாதேன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

"பைல்ல சரியான அளவு இருக்குமில்ல? திறந்து பாத்துட்டா முடிஞ்சுது."

நல்ல யோசனைதான். பதற்றத்தில் அவள் பைலைப் படிக்கத் திறப்பதற்குப் பதில் எழுதத் திறந்துவிட்டாள். எழுதத் திறந்தால், உள்ளே இருப்பதை முதலில் துடைத்து எடுத்துவிட்டுத்தான் இடம் கொடுக்கும். திரையில் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. பைல் வெற்றிகரமாகக் காலியாகியிருந்தது.

"காப்பு நகல் இருக்குமே?" என்றார் கணவர்.

இருந்தது. பைல் மாறும்போதெல்லாம் நகலும் தானாக மாற வேண்டும் என்று அவளே எழுதி வைத்திருந்தாள். சொன்ன வேலையைத் தட்டாமல் செய்யும் நகல், அதற்குள் தானும் காலியாகியிருந்தது.

"இதுவரைக்கும் புரோகிராம் தப்பு பண்ணிச்சு," என்றாள் அவள். "இப்ப அதுக்குத் துணையா நானும் சேந்துட்டேன்."

"அப்பாதானே அளவெடுத்தார்? அவரைக் கேட்டா..."

"மாமாகிட்ட சொன்னா அடுத்த டீக்குள்ள அத்தைக்குத் தெரிஞ்சிடும்."

வாசல் திரையை விலக்கிக்கொண்டு மாமனார் எட்டிப் பார்த்தார். "என்னைப் பத்திப் பேசற மாதிரி இருந்துச்சு. அந்தக் கோட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும்னு..."

"ஒண்ணுமில்லப்பா, நீங்க போங்க," என்று மகன் திரையை இழுத்துவிட்டார்.

ஒரே வழி, அந்தப் பத்துப் பேரையும் மறுபடி அளப்பது. வெளிப்படையாகப் போய் அளந்தால் செய்தி கடைக்கு வந்துவிடும். ஆகவே கணவரை அனுப்பினாள். குழுவினர் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை பார்ப்பதாகக் கேள்வி. இடைவேளையில் போய், ரசிகன் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் கட்டிப்பிடிக்க வேண்டும். கட்டிப்பிடித்த கையால் மார்பையும் தோளையும் சாணில் அளக்க வேண்டும். உயரத்துக்குத் தன் உடம்பையே குறியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"நான் நிலத்தை அளக்கிறவன்மா. நிலம் ஓடாது."

"இவங்களும் ஓடாம கெட்டியா பிடிச்சுக்குங்க."

சாயங்காலம் அவர் திரும்பியபோது தலைமுடி கலைந்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"முதல் ஆளைக் கட்டிப்பிடிச்சேன். வெட்டின மரம் மாதிரி அப்படியே சாஞ்சு விழுந்துட்டார்."

"ஐயய்யோ! அடி கிடி பட்டுச்சா?"

"எழுந்து கும்பிடு போட்டார். மத்தவங்க கைதட்டினாங்க. ரெண்டாவது ஆள் என்னைத் தூக்கிக்கிட்டு மண்டபத்தை ஒரு சுத்து சுத்தினார். இன்னொருத்தர் என் தோள்ல சாஞ்சு அழுதார், அப்புறம் என் கர்சீப்பையே எடுத்து மூக்கு சிந்திட்டு என் பையிலயே வச்சார். பாட்டுக்காரங்க இவ்வளவு ஜாலியான ஆளுங்கன்னு எனக்குத் தெரியாதும்மா!"

"அளவு?"

"எல்லாம் இருக்கு. ரெண்டு பேர் என் காது வரைக்கும். நாலு பேர் தோள். மூணு பேர் அக்குள். தலைவர் மட்டும் என் பெல்ட்டு வரைக்கும்தான்."

அவள் எல்லாவற்றையும் அங்குலமாக மாற்றி ஏற்றினாள். பிழையின் வாயைப் பொத்திய வரிகளை அழித்தாள். இனிமேல் எது நடந்தாலும் புரோகிராம் வாய்விட்டுச் சொல்லும். சிவப்பை மட்டும் மாமியாருக்குப் பிடித்த மயில் நீலமாக மாற்றினாள்.

மறுநாள் மாமியார் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, நேத்து ஆறடி இருந்த ஆளு இன்னைக்கு என் தையல் மெஷின் உயரம்தான் இருக்காரு?"

"அப்டேட் வந்திருக்கு அத்தை."

"மனுஷனுக்கா?"

"பைலுக்கு."

மாமியார் மருமகளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்தார். "எதிர்க்கேள்வி கேக்க மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன். வா, வந்து உக்காரு. ஆறையும் பிரிக்கணும், மீதி நாலையும் புது அளவுல வெட்டணும்."

கடையே உட்கார்ந்து பிரித்தது. மருமகள் தையலைப் பிரித்தாள். அவள் பிரித்த முதல் கையோடு துணியும் கொஞ்சம் வந்தது. "கோட்டைப் பிரிக்கச் சொன்னா கிழிக்கிறியே," என்று மாமியார் சிரித்தார். மகன் நூலைப் பொறுக்கினார். மாமனார் பொத்தான்களைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டே, "இதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றார்.

"பொத்தானைப் பாருங்க," என்றார் மாமியார். "ஒண்ணு உருண்டு மெஷினுக்கு அடியில போயிடுச்சு."

மாமனார் குனிந்து தேடப் போனார்.

சனிக்கிழமை குழு வந்தது. பத்துப் பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு தொங்கல் இல்லை. பெல்ட் உயரத் தலைவருக்குக் கோட்டு அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. மருமகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்மா. பரண்ல வேற ஏதாவது வச்சுக்கலாம்."

மருமகள் மூன்று நாளைக்குப் பிறகு முழுதாக ஒரு மூச்சு விட்டாள். அப்போதுதான் கவனித்தாள், வரிசையில் ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. தலைவர் கண்ணாடி முன் இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். கையை நீட்டிப் பார்த்தார். கை, கோட்டின் கைக்கு வெளியே சரியாக வந்து நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"தையல்ல ஒரு குறையும் இல்லீங்கம்மா," என்றார் தலைவர். "ஆனா நாங்க கோமாளிங்க. எல்லாருக்கும் ஒரே ராட்சச சைஸ்ல, கை தரையில இழுபடற மாதிரி வேணும்னு ஐயாகிட்டதானே சொன்னோம்? அவரும், 'எங்க வீட்டுலயே பெரிய சைஸ் என் பையன்தான், அவன் அளவையே பத்துப் பேருக்கும் ஏத்திடறேன்'னு எங்க கண்ணு முன்னாடிதானே ஏத்தினாரு?"



மாமனார் பொத்தான் டப்பாவை மூடினார். "இப்ப நான் பேசலாமா?" என்றார்.