ராஜகுருவின் நாலு வரிக் குறிப்பு

தமிழ்ச்செல்விக்கு அறுபத்தேழு. ராஜகுருவுக்கு வெறும் நாலு. ஆபீசுக்குள் நுழைந்ததும் சுவரில் புதிதாக மாட்டியிருந்த டிவியில் இதைப் பார்த்த ராஜகுருவுக்கு, காலையில் சாப்பிட்ட பொங்கல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

காளவாசலில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்த அந்தக் கம்பெனி, கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்தது. இப்போதெல்லாம் கடைக்காரர் ஏதாவது கேட்டால், ஏஐ ஏஜென்ட்டே டேட்டாபேஸில் தேடிப் பதில் சொல்லிவிடும். அது தேடுவதற்கு இரண்டு கருவிகள். சரக்கிருப்பைத் தேடும் கருவி ராஜகுரு செய்தது. விற்பனையைத் தேடும் கருவி, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தமிழ்ச்செல்வி செய்தது. கருவியை எதற்கு, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கு அவரவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ராஜகுரு எழுதியது நாலே வரி.

டிவியில் இரண்டு பெயர்கள், எதிரே இரண்டு எண்கள். வேறு விளக்கம் எதுவும் இல்லை. ராஜகுருவுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி பாண்டியராஜன் தமிழ்ச்செல்வியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். அரைமணி நேரம் ஆயிற்று. இத்தனை வருஷ சர்வீசில் ராஜகுருவை அந்த அறையில் யாரும் உட்காரச் சொன்னதுகூட இல்லை.

வெளியே வந்த தமிழ்ச்செல்வி நேராக இவரிடம் வந்தாள்.

"அண்ணே, ஒங்க குறிப்பை ஒருக்காப் பாத்துக்கிறட்டுமா?"

"எதுக்கு?"

"எப்படி எழுதியிருக்கீகன்னு பாக்கத்தான்."

அறுபத்தேழு வாங்கியவள் நாலு வாங்கியவரிடம் கேட்கிற கேள்வியா இது? வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வந்திருக்கிறாள்.

"அதுல என்னம்மா இருக்கு, சும்மா நாலு வரி," என்று லேப்டாப்பை மூடினார்.

நாலு வரி எழுதினால் நாலுதான் வரும் என்று அவருக்கு அப்போது பட்டது. அன்றே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். கருவி பிறந்த கதை, வளர்ந்த கதை, ஒவ்வொரு அட்டவணையின் பூர்வீகம். மறுநாள் அவர் பெயருக்கு எதிரே முப்பத்தொன்று.

ருசி கண்ட பூனையானார். 'எந்தக் கேள்வியானாலும் முதலில் இங்கே வரவும். இதைவிடச் சிறந்த கருவி இல்லை' என்று சேர்த்தார். எண் நூறைத் தாண்டியது. தமிழ்ச்செல்வியின் எண் இருபதுக்கு இறங்கியது.

மத்தியானம் தல்லாகுளத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சின்னக்கருப்பன் போன் செய்தார்.

"தம்பி, அஞ்சு லிட்டர் குக்கர் எம்புட்டுக் கெடக்குன்னு கேட்டா, இதைவிடச் சிறந்த கருவி இல்லைங்குது ஒங்க ஏஜென்ட்டு. நான் கருவியவா கேட்டேன்? குக்கரைக் கேட்டேன்."

"புதுசுல்லண்ணே, பழகிரும்."

இது முதலாளி காதுக்குப் போகக்கூடாதே என்று கடைசியில் ஒரு வரி எழுதினார்: 'சந்தேகம் இருந்தால் ராஜகுருவைக் கேட்கவும்.' கீழே தன் போன் நம்பர்.

அதற்குப்பின் ஏஜென்ட்டுக்குச் சந்தேகம் இல்லாத விஷயமே உலகத்தில் இல்லாமல் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் போனில், 'ஐயா, தட்டு என்பது பொருளா, அட்டவணையா?' கை கழுவப் போனால், 'ஐயா, மூடி இல்லாத குக்கரும் குக்கர்தானா?'

"யாரு அது, சோத்தைக்கூடத் திங்க விடாம?" என்று மனைவி ஹம்சவேணி சௌராஷ்டிர பாஷையில் கேட்டாள்.

"தமிழ்ச்செல்வியை எந்த ஏஜென்ட்டாவது இப்படி ஐயா, அம்மான்னு கேக்குதா?" என்றார் ராஜகுரு. தூக்கம் போயிருந்தாலும் முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் டிவியில் ராஜகுருவுக்கு முந்நூற்றுச் சொச்சம். தமிழ்ச்செல்விக்கு இரண்டு. இரண்டைப் பார்த்துவிட்டு அவள் சிரித்துக்கொண்டே டீ குடித்தாள். தோற்றதை வெளியே காட்டமாட்டாள், அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

பாண்டியராஜன் வந்தார். டிவியை அண்ணாந்து பார்த்தார்.

"ராஜகுரு, ஒரு பத்து நிமிசம் கழிச்சு உள்ள வாங்க. ஒக்காந்து பேசணும்."

உட்கார்ந்து! ராஜகுரு கீழே ஓடிப்போய் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். முதல் துண்டைத் தமிழ்ச்செல்விக்கே நீட்டினார். அவள் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டாள். அடுத்து, அந்த டிவியில் எண்கள் வரும்படி செய்து கொடுத்த இசைவாணியிடம் டப்பாவை நீட்டினார்.

"எதுக்குண்ணே ஸ்வீட்டு?"

"மேல பாரும்மா. நாலுல கெடந்தேன், இப்ப எங்க நிக்கிறேன்னு பாரு."

இசைவாணி டிவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எடுத்த துண்டை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"அண்ணே, அது ஏஜென்ட்டு நம்ம குறிப்பு புரியாமத் தப்பாத் தேடுன கணக்குண்ணே."