ஐந்து முகச்சுளிப்புகள்

திங்கட்கிழமை காலை, பசை காயும் இடைவெளியில் நோட்டைத் திறந்து வீட்டுப்பாடத்தை மூன்றாம் முறை படித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, முதலாளியின் புருவங்கள் சுருங்கியிருந்தன.

படங்களுக்குச் சட்டம் போடும் அந்தக் கடையில் அவளுக்கு 'நோட்டு' என்றே பெயர். எதையும் எழுதிவைத்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. சனிக்கிழமையோடு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அன்று தெரிந்துவிடும்.

போன வாரம் மாலை வகுப்பு ஆங்கில ஆசிரியை ஒரு தொடரைக் கொடுத்திருந்தார். 'ஃப்ரௌன் அபான்.'

"தடைன்னு அர்த்தம் இல்ல. செய்யலாம், யாரும் கையைப் பிடிக்க மாட்டாங்க. ஆனா முகம் சுளிப்பாங்க. உங்க வேலையிடத்துல அப்படி என்னென்ன இருக்குன்னு கண்ணால பார்த்து அஞ்சு வாக்கியம் எழுதிட்டு வாங்க. கற்பனை கூடாது."

கற்பனைக்கு அவசியமே இருக்கவில்லை. 'வேலை நேரத்தில் நோட்டைப் படிப்பது' என்று எழுதுவதா, 'ரேடியோப் பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பது' என்று எழுதுவதா? யோசித்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, பாட்டு என்றே எழுதினாள். அதோடு பாட்டை நிறுத்தினாள்.

மறுநாள் முதலாளி தன் ரேடியோவையே அணைத்துவிட்டார்.

"பார்த்தியா? உன் பாட்டால எங்களுக்கும் போச்சு" என்றார் கண்ணாடி வெட்டும் அண்ணன்.

"நான்தான் பாடறதையே விட்டுட்டேனே, அண்ணே!"

சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள். நிமிர்ந்தால், மறுபடியும் அதே புருவம். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுதான் குற்றமோ? இரண்டாம் வாக்கியம் தயாரானது. அன்று முழுவதும் நின்றுகொண்டே ஆணி அடித்தாள்.

புதன்கிழமை கடைக்கு ஒரு புது ஸ்டூல் வந்தது. மெத்தை வைத்தது.

"யாருக்குண்ணே இது?"

"உன் இடத்துக்கு வரப்போற ஆளுக்கோ என்னவோ" என்று அண்ணன் சிரிக்காமல் சொன்னார்.

அது தனக்கில்லை என்று அவள் அந்த ஸ்டூலை ஒரு துணியால் மூடிவைத்தாள். அதைப் பார்த்த முதலாளியின் நெற்றியில் இரண்டு கோடுகள் கூடின. மூன்றாம் வாக்கியம்.

வியாழக்கிழமை முதலாளி தானே இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தார். வேலை மேஜையில் டீ வைத்தால் படம் கறையாகும் என்று அவளுக்குத் தெரியாதா? இது பரீட்சை.

"வேண்டாம் சார். நான் டீயை விட்டுட்டேன்."

இரண்டு டம்ளரோடும் அவர் வந்த வழியே திரும்பினார். நான்கு. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வரவேண்டியவள் ஏழரைக்கே வந்து வாசலில் நின்றாள். பூட்டைத் திறக்க வந்த முதலாளி அவளைக் கண்டு திடுக்கிட்டு, சாவியைக் கீழே போட்டார். ஐந்து. வீட்டுப்பாடம் முடிந்தது. வேலையும் முடிந்தது என்றே அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியம்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். முதலாளி சட்டைப் பையைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடி தொட்டார்.

"வேற இடம்..." என்று தொடங்கினார்.

"பார்த்துக்கணுமா சார்?" அவள் முந்திக்கொண்டாள். "அஞ்சு தப்பையும் திருத்திக்கிட்டேனே! நீங்களே பாருங்க." நோட்டை நீட்டினாள்.

முதலாளி வாங்கிப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மனைவியைப் பார்த்தார்.

முதலாளியம்மா எட்டி அவர் சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்துக் கசங்கியிருந்த ஒரு கடிதத்தை உருவி அவள் கையில் வைத்தார்.

"உன் வேலை நிரந்தரம்னு திங்கட்கிழமையே எழுதிட்டாரும்மா, நீ மூஞ்சியச் சுளிச்சுச் சுளிச்சு நோட்டுல எழுதறதப் பார்த்துட்டு, பாட்டு பிடிக்கலையோ, ஸ்டூல் பிடிக்கலையோ, டீ பிடிக்கலையோ, வேற இடம் பார்த்துட்டியோன்னு, கொடுக்கப் பயந்துட்டுல்ல சுத்திட்டிருந்தாரு!"